மேகமில்லாக் கடல்

வானத்தின் ரகசியங்களை மனிதன் வானத்துக்கும் மேலே நின்று படிக்கும் பொற்காலம் பிறந்துவிட்டது. அந்தப் பொற்காலத்தில் வானிலைத் துறைத்தலைவர் மூன்று மாதமாகத் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

விண்வெளி நிலையத்திலிருந்து அவருடைய கரையோரக் கடலின் புகைப்படங்கள் வாரம் தவறாமல் வந்தன. ஒன்றில்கூடப் பொட்டு மேகம் இல்லை. புயல் மேகம் எப்படித் திரள்கிறது என்ற ஆய்வுக்கு வெறும் நீலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நாளை ஆய்வுக்குழு கூடுகிறது. காட்ட எதுவும் இல்லையென்றால் திட்டத்தை இழுத்து மூடிவிடுவார்கள்.

"நம்ம கடல்ல மேகமே உருவாகறதில்லைன்னு புதுசா கண்டுபிடிச்சதா எழுதிடலாமா?" என்றார்.

"எழுதுங்க சார். நான் நனைஞ்சுட்டு வந்ததை யார்கிட்டயும் சொல்லல," என்றாள் உதவியாளர், தலையைத் துவட்டியபடி.

கேட்பது கௌரவக் குறைச்சல் என்று அதுவரை இருந்தவர், பொறுமை போய் விண்வெளி வீரரையே இணைப்பில் பிடித்தார்.

"ஏன் தம்பி, அங்கேயிருந்து பார்த்தா மேகமே தெரியலையா?"

"அதை ஏன் சார் கேட்கறீங்க! மலை மலையா மேகம். பத்துப் படம் எடுத்தா ஒன்பதுல வந்து கடலை மறைச்சுக் கெடுத்துடுது. நானும் சளைக்காம, கெட்டதையெல்லாம் அழிச்சுட்டு நல்லதா பொறுக்கி அனுப்பறேன்."

"அழிச்சுட்டியா! படம் எதுக்குன்னு நெனச்சே?"

"காலண்டருக்குத்தானே சார்?"

துறைத்தலைவர் உதவியாளரைப் பார்த்தார். அவள் கூரையைப் பார்த்தாள்.

வீரரை வழியனுப்பிய அன்று அவர் ஒரு மணி நேரம் உரையாற்றியிருந்தார். மனிதகுலம், பிரபஞ்சம், தன்னுடைய ஆரம்பகாலப் போராட்டங்கள் எல்லாம் அதில் இருந்தன. மேகம் இல்லை.