ஒசரத்தில் ஒரு பெட்டி

கடியப்பட்டணத்தில் கடல் சுவருக்காகக் கரையை அளக்க வந்த ஷாஜனின் ட்ரோனுக்கு, கரையில் முக்காலிமேல் வைத்த பேஸ் பெட்டி அனுப்பும், இடக்கணக்கைத் திருத்தும் சிக்னல் பாறைக்கு அந்தப் பக்கம் எட்டவில்லை. பெட்டிக்குக் காவல் நின்ற மீனவர் ஆன்ட்ரூஸுக்குப் போன் போட்டான்.

“அண்ணே, பெட்டிய நல்ல ஒசரத்துல வையுங்க. ஆனா அசையவே கூடாது.”

“இறுக்கிக் கெட்டிருதேன் மக்கா.”

அரை மணி நேரத்தில் சிக்னல் முழுசாக வந்தது. ஷாஜன் ஊரையே அளந்து, கணக்கை அலுவலகத்துக்கும் அனுப்பிவிட்டுத் திரும்பினான்.

கரையில் முக்காலி மட்டும் நின்றது.

“பெட்டி எங்கண்ணே?”

ஆன்ட்ரூஸ் பெருமையாகக் கடலைக் காட்டினார். நங்கூரமிட்ட விசைப்படகின் கொடிக்கம்ப உச்சியில், பெட்டி அலைக்கு அலை ஆடிக்கொண்டிருந்தது.

“பெட்டி ஆடினா நான் அளந்த ஊரே ஆடுமே அண்ணே!” என்றான் ஷாஜன்.

“எங்க வயர்லெஸ்ஸுக்கும் அந்த ஒசரந்தான் மக்கா. ஏழு முடிச்சு போட்டிருக்கேன், இம்மி அசையாது!”