தொண்டை பத்திரம்

"அந்த ஐஸ் தண்ணிய உள்ள வெச்சுட்டு ஃபிரிட்ஜை மூடு மாப்ள!"

லோகநாதன் பாட்டிலும் கையுமாக அப்படியே நின்றுவிட்டான். சித்திரை வெயிலில் விம்கோ நகரே வெந்துகொண்டிருந்தது. வெளியே போய்விட்டு வந்தவன், செருப்பைக்கூடச் சத்தமில்லாமல் கழற்றிவிட்டுத்தான் ஃபிரிட்ஜைத் திறந்தான். சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மாமியார் கெங்கம்மாவுக்கு முதுகிலும் கண் இருக்கிறதோ என்னவோ.

"ஒரே ஒரு வாய் அத்தே. நாக்கு ஒட்டிக்கினு கீது."

"வெந்நீர் வெச்சிக்கீறேன், அதைக் குடி. தொண்டை பத்திரம்."

சித்திரையில் வெந்நீர்! லோகநாதன் பாட்டிலை உள்ளே தள்ளிக் கதவை அறைந்து சாத்தினான். நேராக அடுப்படிக்குப் போய் மனைவி மங்கையின் காதில் கிசுகிசுத்தான்.

"உங்கம்மா எப்போ அவங்க வூட்டுக்குப் போவும்? உசுரை வாங்குது."

"மாமியார் பாசம்யா. அனுபவி," என்று மங்கை சிரித்தாள்.

"கிசுகிசுன்னு பேசாத மாப்ள!" உள்ளேயிருந்து குரல் வந்தது. "கத்துறதை விட அதான் தொண்டைக்குக் கெடுதலாம். டாக்டர் சொன்னாரு."

"முட்டிவலிக்குப் பாக்கற டாக்டரு என் தொண்டையப் பத்தி எதுக்குப் பேசறாரு?"

"நான் கேட்டேன், சொன்னாரு."

முட்டிவலி என்று சொல்லிக்கொண்டு கெங்கம்மா வியாசர்பாடியிலிருந்து மகள் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. ஆஸ்பத்திரிக்கு மட்டும் யாரையும் கூட வரவிடுவதில்லை. ஷேர் ஆட்டோ பிடித்துத் தனியாகப் போய்த் தனியாக வந்தாள். மற்ற நேரமெல்லாம் மருமகனின் தொண்டைக்குக் காவல். பீடிக்கட்டு குப்பைக்குப் போனது. ஊறுகாய் ஜாடி பரண் ஏறியது. கிரிக்கெட் பார்த்துக் கத்தினால் டி.வி. அணைந்தது. லேசாகக் கனைத்தால்கூட, "செருமாத, தண்ணி குடி" என்று சொம்பு நீண்டது.

இத்தனைக்கும் லோகநாதன் கானா பாடுவதே இந்த அம்மாளுக்கு ஆகாது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எங்கே துக்கம் விழுந்தாலும், போனவரின் பெருமையை விடிய விடியப் பாட அவனைத்தான் கூப்பிடுவார்கள். பெண் கேட்டுப் போன அன்று, "சாவு வூட்ல பாடறவனுக்கா என் பொண்ணு?" என்று தாம்பூலத் தட்டைத் தள்ளிவிட்டவள் கெங்கம்மா. கல்யாணத்துக்கு அப்புறமும் அவன் பாட்டை ஒருநாள் நின்று கேட்டதில்லை.

திடீர்க் கரிசனத்துக்குக் காரணம் அவனுக்குத் தெரியாமல் இல்லை. வருகிற ஆடித் திருவிழாவுக்கு, போஸ்டரில் பெயர் போட்டுத் திருவொற்றியூரில் அவனைப் பாடக் கூப்பிட்டிருக்கிறார்கள். வாழ்க்கையில் முதல் மேடை. மருமகன் மேடை ஏறப்போகிறான் என்றதும் பாசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. வரட்டும், அதற்காக இப்படியா?

சாப்பாடு முடிந்ததும் அடுத்த கொடுமை ஆரம்பித்தது. நொச்சி இலை கொதித்த பாத்திரத்தின் முன்னால் அவனை உட்காரவைத்து, தலையோடு போர்வையைப் போர்த்தினாள்.

"நல்லா இழு. விடிய விடியப் பாடினாலும் குரல் கரகரன்னு ஆவக் கூடாது."

"மேடையில ரெண்டு மணி நேரந்தான் அத்தே. எதுக்கு விடிய விடிய?"

கெங்கம்மா போர்வையை இன்னும் இறுக்கி மூடினாள். போர்வைக்குள் அவன் இட்லி மாதிரி வெந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. கெங்கம்மா எடுத்துவிட்டாள்.

"யாரு, மேளக்கார சாலமோனா? நெட்டுக்குப்பத்துல சாவா? த பாருப்பா, மாப்ளை தொண்டைக்கு ரெஸ்ட்டு. இப்போதிக்கு எங்கியும் வர மாட்டாரு. வேற ஆளைப் பாத்துக்கோ."

போர்வை பறந்தது.

"இன்னா அத்தே பண்ணிக்கீற? அது என் பொழப்பு! துக்க வூட்டுக்காரன் கூப்ட்டு நான் போலேன்னா, நாளிக்கி எவன் என்னைக் கூப்புடுவான்?"

"கத்தாத மாப்ள, தொண்டை..."

"தொண்டை, தொண்டை, தொண்டை! ஒரு மாசமா இதே பேஜாரு! ஒரு வாய் தண்ணி குடிக்க முடியல, பொண்டாட்டியாண்ட பேச முடியல. ஆடிக்கு இன்னும் ரெண்டு மாசத்துக்கு மேல கீது. இப்பலேர்ந்தே எதுக்கு என்னைப் பொட்டியில வெச்சுப் பூட்டற?"

கத்திய கத்தலில் கடைசி வார்த்தை கீச்சென்று உடைந்தது. பதிலுக்குச் சண்டைக்கு வருவாள் என்றுதான் அவன் நினைத்தான். கெங்கம்மாவோ பயந்துபோய் அவன் தொண்டையையே பார்த்தாள்.

மங்கை ஓடிவந்தாள். "ஏம்மா அவரைப் பாடாப் படுத்தற?"

"நீ கடைக்குப் போயி தேன் வாங்கினு வா."

முணுமுணுத்துக்கொண்டே மங்கை படியிறங்கினாள். அவள் செருப்புச் சத்தம் ஓயும்வரை கெங்கம்மா வாசலையே பார்த்திருந்தாள். பிறகு வெந்நீர்ச் சொம்பை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"அவளாண்ட சொல்லாத மாப்ள. எனக்கு முட்டிவலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆடி வரைக்கும் தாங்காதுன்னு டாக்டர் கைய விரிச்சுட்டாரு," என்றாள் கெங்கம்மா. "நான் தொண்டையப் பத்திரமா வெச்சுக்கச் சொன்னது உன் மேடைக்கு இல்ல, என் பாடைக்கு."