ஐந்து நாற்காலிகள்

இரவு எட்டு நாற்பதுக்கு முதல் நாற்காலி.

அவள் நேரத்தைக் குறித்துக்கொண்டாள். ஓரத்தில் ‘நாற்காலியாகத்தான் இருக்க வேண்டும்’ என்று சேர்த்தாள். எதற்கும் இருக்கட்டும்.

தலைக்கு மேலே, மாடி வீட்டில், இரும்புக் கால்கள் தரையில் தேய்ந்தன. பல் கூசியது.

ஒவ்வொரு நாற்காலிக்கும் இரண்டு சத்தம். நீளமாக ஒன்று, வெளியே இழுப்பது. குட்டையாக ஒன்று, உட்கார்ந்து முன்னால் நகர்ந்துகொள்வது.

இரண்டாவது அவசரக்கார நாற்காலி. மூன்றாவதோடு ஓர் இருமலும் வரும். நான்காவதுக்கு ஒரு தடவை நகர்ந்தால் போதாது.

ஐந்தாவது மட்டும் கால் மணி நேரம் கழித்து வரும். எல்லோருக்கும் பரிமாறி முடித்தவளுடையது.

தினமும் இதேதான்.

ஜெர்மன் மாலை வகுப்பில் நாளுக்கு ஐந்து வாக்கியம் நாட்குறிப்பு எழுதச் சொல்லியிருந்தார்கள். பகல் முழுக்க ஆய்வகத்தில் ரத்தக் குப்பிகளுக்கு எண் ஒட்டிவிட்டு, பூட்டைத் திறந்து தனியாக உள்ளே வருகிறவள் வேறு எதை எழுதுவாள்?

ஐந்து நாற்காலி. ஐந்து வாக்கியம்.

பன்னிரண்டாம் நாள் நோட்டு திரும்பி வந்தது. பிழை ஒன்றும் இல்லை. அடியில் ஆசிரியை சிவப்பு மையில் ஒரு கேள்வி மட்டும் எழுதியிருந்தார்.

இதில் நீங்கள் எங்கே?

பதில் எழுதினாள். அடித்தாள். மறுபடி எழுதினாள். அதையும் அடித்தாள்.

கடைசியில் பழியைச் சத்தத்தின் மேல் போட்டாள். சத்தம் நின்றால் வேறு ஏதாவது எழுத வரும். படிப்பும் ஓடும். அடுத்த மாதம் தேர்வு.

மேலும் மூன்று நாள் எண்ணிச் சரிபார்த்தாள். பிறகு ஹார்டுவேர் கடைக்குப் போய், நாற்காலிக் காலில் மாட்டுகிற ரப்பர் புஷ் இருபது வாங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் படியேறினாள். சொல்லப்போவதை மனதுக்குள் நான்கு தடவை சொல்லிப் பார்த்திருந்தாள். கதவு திறந்ததும் ஒன்றும் நினைவில்லை.

“கீழ் வீடுங்க. தப்பா எடுத்துக்காதீங்க...” பையை நீட்டினாள். “சேருக்கு.”

மேல் வீட்டுக்காரர் பையைக் கவிழ்த்து எண்ணினார். “இருபது! பவானி, இங்க வந்து பாரேன். கீழ இருந்தே நம்ம வீட்டுத் தலையை எண்ணிருச்சு இந்தப் பொண்ணு. ஏம்மா, சென்சஸ்லயா வேலை?”

உள்ளே ஒரு சிறுமி களுக்கென்று சிரித்தாள். யாரோ இருமினார்கள். அந்த இருமல் அவளுக்குத் தெரிந்த இருமல்.

தோசைக் கரண்டியோடு வந்த பவானிக்கு முகம் வாடிவிட்டது. “இத்தனை நாளா ஒரு வார்த்தை சொல்லலியேம்மா. கீழ கேக்கும்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?”

அவள் பார்வை பவானியைத் தாண்டிப் போனது.

சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஆறு நாற்காலிகள்.

ஆறு.

காது மடல் சுட்டது. இத்தனை நாள் எண்ணி எழுதியதும் தப்புதானா?

“அதைப் பாக்கறியா? அது வர்றவங்களுக்குன்னு வாங்கினது” என்றாள் பவானி. “யாரு வர்றா! துவைச்ச துணி உக்காந்திருக்கு அதுல. இழுக்கவே மாட்டோம். சாப்டியாம்மா? உள்ள வா, ரெண்டு தோசை ஊத்தறேன்.”

“சாப்டாச்சுக்கா.”

சாப்பிடவில்லை. யார் கேட்டாலும் அந்தச் சொல் தானாக வந்துவிடுகிறது.

“அப்ப ராத்திரி சாப்பாட்டுக்கு வா.”

“பாக்கறேன்க்கா.”

வர நினைக்காதவர்கள் சொல்கிற சொல் அது. பவானிக்கும் அது தெரியாமல் இருக்காது. ஆனாலும் தலையாட்டினாள்.

அன்று இரவு எட்டு நாற்பது.

ஒன்றும் இல்லை.

எட்டு நாற்பத்தைந்து.

மின்விசிறிச் சத்தம் மட்டும். அதற்கும் ஒரு சத்தம் உண்டு என்பதை இன்றுதான் கேட்டாள்.

புத்தகத்தைத் திறந்தாள். ஒரே வரியை மூன்று முறை படித்தாள். மூடினாள்.

அடுப்பில் சோறு எப்போதோ வெந்திருந்தது. தட்டை எடுத்துக்கொண்டு அதன் பக்கத்தில் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள்.

எதற்கு நிற்கிறோம் என்று யோசித்தாள்.

இந்த வீட்டுக்குக் குடிவந்து எட்டு மாதம். ஒரு நாளும் அந்த ஐந்தாவது நாற்காலியின் சத்தம் கேட்பதற்குள் அவள் சாப்பிட உட்கார்ந்ததில்லை.

இன்று பவானி உட்கார்ந்துவிட்டாளா? இன்னும் பரிமாறிக்கொண்டிருக்கிறாளா? தெரிந்துகொள்ள வழியே இல்லை. இருபதையும் தன் கைக்காசு போட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறாள்.

எட்டு ஐம்பத்தைந்து.

மேலே இரும்பு தேய்ந்தது.

நீளமாக. ஒரே ஒரு நாற்காலி. ரப்பர் இல்லாத ஆறாவது.

பழக்கத்தில் நோட்டை எடுத்து நேரத்தைக் குறித்தாள். குட்டைச் சத்தத்துக்காகப் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

அது வரவில்லை.

இழுத்த நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. அதை யாரும் திரும்ப உள்ளே தள்ளவும் இல்லை.

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம்.

ஓரத்தில் ‘தெரியவில்லை’ என்று எழுதப் போனாள். எழுதவில்லை.

தட்டைத் திரும்ப அடுக்கில் வைத்துவிட்டு, பூட்டையும் சாவியையும் எடுத்தாள்.