ஏழு விரல் மேஸ்திரி

"கையைக் காட்டு, பாப்போம்" என்றார் சூசையப்பன்.

அவர் கோயில் கமிட்டிச் செயலாளர். கட்டி முடித்த புதுக் கோயிலுக்கு இருபத்துநாலு பெஞ்சு செய்ய ஆள் வேண்டும். அதற்காகச் சக்குபள்ளத்தில் வினோ வீட்டின் பின்புறம் இருந்த தகரக் கொட்டகைப் பட்டறைக்கு வந்திருந்தார்.

வினோ இரண்டு கையையும் நீட்டினான். சூசையப்பன் ஒவ்வொன்றாக எண்ணினார்.

"பத்தும் இருக்கே."

"இருக்குண்ணே."

"அதான் யோசனையா இருக்கு. எத்தனை வருசமா மரம் அறுக்கிற?"

"ஆறு வருசம்."

"ஆறு வருசத்துல ஒரு நகம்கூடப் போகல. அப்ப என்னத்த அறுத்தன்னு கேக்கேன்."

வினோவுக்கு இந்த வேலை கிடைக்காவிட்டால் மறுபடியும் ஏலத்தோட்டத்தில் மருந்தடிக்கும் பம்பை முதுகில் மாட்ட வேண்டியதுதான். போன தடவை மாட்டியதற்கு ஒரு வருஷம் இருமினான்.

சூசையப்பன் அறுவை மெஷினைச் சுற்றி வந்தார். மேசை நடுவில் வட்ட பிளேடு, அதன்மேல் ஒரு மூடி. பக்கத்தில் பலகையைத் தள்ளுவதற்கு ஒரு கட்டை.

"இது என்ன, மெஷினுக்கு ஹெல்மெட்டா?"

"கை பிளேடுல போகாம இருக்கண்ணே."

"பயந்தவன் பட்டறைக்கு வரலாமா? ஆனைக்கரை சின்னமுத்துவைப் பாரு. இடது கையில மூணு விரல் இல்ல. மரத்துக்கு விரலையே குடுத்த மனுசன். அவன்லா மேஸ்திரி. நான் கமிட்டிக்கு வந்த நாள்லருந்து கோயில் பணி அவனுக்குத்தான்."

"பின்ன இங்க எதுக்கு வந்தீங்க?"

"ரெண்டு பேரைப் பாத்து முடிவு பண்ணணும்னு கமிட்டி சொல்லுச்சு. பாத்துட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வேலை சின்னமுத்துவுக்கு என்று அறிவித்தார்கள். திங்கட்கிழமை காலையில் வினோ ஸ்பானரை எடுத்து மூடியைக் கழற்றினான்.

"என்ன செய்றீங்க?" என்றாள் மனைவி ஞானஜோதி.

"மேஸ்திரி ஆகப்போறேன்."

"விரலை விட்டுட்டு வந்தா நான் சோறு ஊட்டி விட மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

அவன் மெஷினை ஓடவிட்டு, கட்டையைத் தொடாமல் வெறுங்கையால் பலகையைத் தள்ளினான். பாதி அறுந்ததும் பிளேடு பலகையைப் பிடித்துக்கொண்டது. மறுகணம் பலகை துள்ளி, அவன் விலாவை உரசிக்கொண்டு பின்னால் பறந்து தகரத்தில் மோதியது. அவன் பெருவிரலுக்கும் பிளேடுக்கும் நடுவில் ஒரு நூல் இடைவெளிதான்.

"நிறுத்துடே அதை."

கொட்டகை வாசலில் சின்னமுத்து நின்றிருந்தார். வினோ சுவிட்சை அணைத்தான்.

"இருபத்துநாலு பெஞ்சு. இந்த ஏழு விரலை வச்சு நான் ஒருத்தனா எப்ப முடிக்க? பாதி நீ செய்யின்னு சொல்லத்தான் வந்தேன்" என்றார் அவர். கீழே கிடந்த மூடியைக் குனிந்து எடுத்தார். "ஆனா இது இல்லாத மெஷின்ல என் பலகை ஏறாது."

வினோவுக்கு ஒன்றும் புரியவில்லை. "உங்க மெஷின்ல மூடி உண்டாண்ணே?"

"வாங்கின அன்னைக்கே மாட்டினது. இன்னும் கழட்டல."

"அப்ப இந்த மூணு விரல்?"

"அதுவா? மெஷினை நான் கண்ணால பாக்குறதுக்கு முன்னாலயே போச்சு. பதினாலு வயசுல, கோயில் திருவிழா வெடி. கையில பிடிச்சிருந்தது நான்."

சின்னமுத்து மூடியைப் பொருத்தி, மிச்சமிருந்த விரல்களால் போல்ட்டை முறுக்கினார்.

"திரியைக் கொளுத்தினது சூசையப்பன்."