ரதி வேஷம்

“1913 மார்ச் 25. இன்று காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது வீரணன் பெயரை இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டேன்” என்று மாலையில் தன் நாட்குறிப்பு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான் தேயிலைத் தோட்டத்தின் இளம் கணக்குப்பிள்ளை சவரிமுத்து.

வாசலில் சின்னக்கருப்பன் வந்து நின்றார்.

“எம் மக சீரங்காயிய வீரணன் கேக்குறான் ஐயா. மூணு வருசமா காமன் கூத்துல ரதி வேசம் கட்டுறவன். நடையும் கைவீச்சும் அப்பிடியே பொம்பளதான். அவனுக்குப் பொண்ணு மேல ஆச வருமான்னு லயத்து வீட்டுச் சனமே சிரிக்குதுங்க. நீங்க அவன் கூட்டாளி, அதான் கேக்க வந்தேன்.”

“வேசத்தப் பாத்து ஆளச் சொல்ல முடியுமா? தாராளமாக் குடுங்க. அவன் மனசுல ஒங்க மக மட்டுந்தான் இருக்கு.”

“நெசமாங்களா?”

“அவன்கிட்டயே கேட்டிருக்கேன்.”

“ஒங்கள மாதிரி மீசக்கார ஆம்பள சொன்னாச் சரிதாங்க” என்று சின்னக்கருப்பன் நிம்மதியாகப் போனார்.

சவரிமுத்து கேட்டது உண்மைதான். போன வருடம் நமுனுகுல மலைப் பாதையில் வீரணனின் கையைப் பிடித்துக்கொண்டு, “காலம் பூரா என்னோடயே இருந்துடுறியா?” என்று கேட்டான். வீரணன் கோபப்படவில்லை. கையை மெல்ல விடுவித்துக்கொண்டு சீரங்காயியின் பெயரைச் சொன்னான்.

அதை நோட்டில் எழுதலாமா என்று சவரிமுத்து சற்று யோசித்தான். பிறகு எழுதினான்: “நாளை வீரணனின் பரிசத்துக்கு வெற்றிலை பாக்கு வாங்க லுணுகலைக்குப் போக வேண்டும்.”