மலையேறிய விளக்கு

தேசத்தைக் காப்பாற்றப் போவது சிக்கனம் ஒன்றே என்று வேலூர்த் தோல் வியாபாரி கோதண்டராமன் மேடைதோறும் முழங்குவார். சிக்கன சங்கத்துக்கே அவர்தான் தலைவர். வீட்டில் ஒரே ஒரு பல்பு. சாப்பிட்ட இலையை எடுத்ததும் அதையும் நிறுத்திவிடுவார்.

"அமிர்தவள்ளி, விளக்கை அணை!"

"அணைன்னு சொல்லக் கூடாதுங்க. மலையேறுன்னு சொல்லணும்" என்றாள் மனைவி.

"சொல்றதுக்குக் காசா, பணமா? மலையேறு!" என்று அவரே ஸ்விட்சைத் தட்டினார்.

வீடு இருண்டது. எதிரே மொட்டை மலை உச்சியில் ஒரு விளக்கு எரிந்தது. அங்கே கம்பமும் இல்லை, கம்பியும் இல்லை.

அந்த மாதம் கரண்டு பில் இரண்டு மடங்கு வந்தது.

"இன்னா தலைவரே, உங்க வீட்ல அணைஞ்சா மலைல எரியுது! பில்லு ஜாஸ்தி ஆவலியா?" என்றார் பக்கத்து வீட்டு வாஹித் பாஷா.

தலைவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாய் திறக்காமல் அணைத்துப் பார்த்தார். பல்பைக் கழற்றிப் பெட்டியில் பூட்டியும் பார்த்தார். மலையில் எரிந்தது, பகலிலும் எரிந்தது. வீட்டில் போட்டால்தான் அங்கே இருண்டது, பில்லும் பாதியானது.

ஆண்டு விழாவுக்குத் தலைவரை அழைத்துப் போகச் சங்கத்தார் மாலையோடு வந்தார்கள். உச்சி வெயில். கூடத்தில் பல்பு எரிந்துகொண்டிருந்தது.