மணி அடங்கிய கார்

ஜமுனாமரத்தூர் சந்தை முனையில், வெளிநாட்டிலிருந்து வந்த சிவப்புக் கார் கிளம்பும் முன்பே கத்துகிறது. டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் இருப்பவர் பெல்ட் மாட்டும்வரை, காதில் புகுந்த வண்டு போல அதன் மணி ஓயாது. கஞ்சி போட்ட சட்டை கசங்குமென்று புளி காண்ட்ராக்டர் பாண்டுரங்கன் பெல்ட்டைத் தொடுவதில்லை. "இன்னாடா சனியன் இது! அத்த அடக்குடா," என்கிறார். டிரைவர் மாதையன் குனிந்து, அவர் முதுகுக்குப் பின்னால் பெல்ட்டை இழுத்துக் கொக்கியில் சொருகுகிறான். மணி நின்றுவிடுகிறது. கொக்கி வெயிலில் மினுங்குகிறது. அவர் நெஞ்சின் குறுக்கே ஒன்றுமில்லை. போன வருஷம் பாண்டுரங்கன் ஓட்டிய திறந்த ஜீப்பிலிருந்து, மலைப்பாதை வளைவில், மாதையனின் தம்பி தெறித்து விழுந்து செத்தான். பிணத்தருகே நின்று வெற்றிலை மென்றபடி இவர் சொன்னார்: "புடிச்சிக்கத் தெரியல அவனுக்கு. நான் இன்னா பண்றது?" மாதையன் தன் பெல்ட்டை நிதானமாக மாட்டி, இழுத்துப் பார்த்துக்கொள்கிறான். கார் அமைதியாக மலையிறங்குகிறது. புளியமரங்களின் நிழல் கண்ணாடியில் வேகவேகமாக ஓடுகிறது. அதே வளைவு எதிரே வருகிறது. அவன் கால் பிரேக்கின் பக்கம் போகவில்லை. "டேய், மெல்லப் போடா!" பாதையிலிருந்து கண்ணெடுக்காமல் மாதையன் சொல்கிறான்: "புடிச்சிக்கோங்க, மொதலாளி."